ஒரு சொல்லின் சொந்த ஊர்

காந்தலில் ஒன்பது நாளாக விடாத மழை. ஒன்பதா பத்தா என்று சந்தேகம் வந்து, கிழித்துப் போட்ட நாள்காட்டித் தாள்களை எடுத்து எண்ணினேன். ஒன்பதுதான். காலையிலிருந்து ஜன்னலுக்கு ஏழு தடவை போய் வந்துவிட்டேன். 'கொஞ்சம் உட்காருங்க மாமா' என்று மருமகள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். உட்கார்ந்து ஆங்கிலப் பத்திரிகையைப் பிரித்தால், நீலகிரியில் மழை 'ரிலென்ட்' ஆவதாகத் தெரியவில்லை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறான். மறுபடியும் எழுந்துவிட்டேன்.

ரிலென்ட் என்றால் இளகிக்கொடுப்பது, பிடித்த பிடியைத் தளர்த்துவது. இந்த வார்த்தைக்குச் சொந்த ஊர் எது என்று முன்பு ஒருவர் என்னிடம் கேட்டார். குன்னூரிலிருந்து ஜெகதளா போகும் வழியில், சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஒரு ஃபேக்டரியில் அவர் டீமேக்கர். அங்கே நான் இலை எடை போடும் கிளார்க், இருபத்திரண்டு வருஷம். அதில் பதினான்கு வருஷம் அவரோடு.

ஊர் கேட்பது அவருக்கு வழக்கம். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஊரைக் கேட்பார். இந்த மலையில் எல்லோரும் எங்கிருந்தோ ஏறி வந்தவர்கள், அதனால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் அவர் வார்த்தைகளுக்கும் ஊர் கேட்பார். முதலாளி அனுப்பும் கடிதங்களும் சுற்றறிக்கைகளும் ஆங்கிலத்தில் இருக்கும். அவர் எட்டாவதோடு நிறுத்தியவர். நான் பி.ஏ. ஆங்கிலம், ஒரு தாள் தவிர. தெரியாத வார்த்தையை ஒரு துண்டுச் சீட்டில் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடை ஷெட்டுக்கு வருவார். அதை அவர் ஷெட் என்று சொன்னதில்லை, மடுவம் என்பார். சிலோன் தோட்டத்துப் பேச்சு அவரிடம் கடைசிவரை மாறவில்லை.

"கிளாக்கர் ஐயா, இவர் எந்த ஊர்க்காரரு?"

மேசை இழுப்பறையில் இருந்த பெரிய அகராதியைப் புரட்டிச் சொல்வேன். லீவ் சரண்டர் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்த சரண்டர் பிரெஞ்சுக்காரன் பேச்சிலிருந்து வந்தது, ஒப்படைத்துவிடுவது என்று பொருள் என்றேன். ஏக்கருக்கு இத்தனை யீல்டு என்கிறோமே, அந்த யீல்டு ஆங்கிலேயனின் பழைய வீட்டுச் சொல், ஆதியில் செலுத்த வேண்டியதைச் செலுத்துவது என்றுதான் பொருள் என்றேன். தேயிலையில் இருக்கிற 'தே' சீனாவில் ஒரு கடற்கரைப் பேச்சு, கப்பல் வழியாக உலகம் சுற்றியது என்றபோது மட்டும் சிரித்தார். "அப்ப இதுவும் நம்மள மாதிரி கப்பல்ல வந்து எறங்கினதுதான்" என்றார்.

அவர் சிலோனிலிருந்து கப்பலில் வந்தபோது வயது பதின்மூன்று. மண்டபம் முகாமில் ஓர் அதிகாரி அவர் அப்பாவிடம் சொந்த ஊரைக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்குத் தெரியவில்லை. அவருடைய அப்பாவோ தாத்தாவோ திருச்சிப் பக்கத்திலிருந்து போனவர்கள் என்பதோடு சரி. வரிசை நீளமாக இருந்ததாம். அதிகாரி பொறுமை இழந்து, தனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தின் பெயரை எழுதிவிட்டார். எல்லாக் காகிதத்திலும் இன்றுவரை அந்த ஊர்தான். அங்கே அவர்களுக்கு ஒரு சாண் இடமும் இல்லை, போய்ப் பார்த்ததும் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமே இருக்காது. ஃபேக்டரி மோட்டார் எந்த வருஷம் வாங்கியது என்று சொல்வதுபோலச் சொல்வார்.

ஆனால் அவரை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது வேறொன்றால். அவர் இளகமாட்டார்.

பறித்த இலையை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை விட்டு வாட்டுவார்கள். வாடி முடிந்ததா என்று பார்ப்பது டீமேக்கர் வேலை. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறப்பார். ஒரு காம்பை எடுத்து வளைப்பார். ஒடிந்தால் இன்னும் ஆகவில்லை. துவண்டு வளைந்தால்தான் எந்திரத்துக்குப் போகும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் வாட ரொம்ப நேரமாகும். கீழே எந்திரம் சும்மா நிற்கும். புதிய இலை வண்டி வண்டியாக வந்து வாசலில் காத்துக்கிடக்கும். முதலாளி மூன்று தடவை ஃபோன் செய்வார். நாலாவது தடவை நேரில் வருவார். இவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஒரு காம்பை எடுத்து அவர் கண்முன்னாலேயே ஒடித்துக்காட்டி, "கொழுந்து இன்னும் சம்மதிக்கலீங்க" என்பார். அவ்வளவுதான். கத்தமாட்டார், விளக்கமாட்டார். முதலாளி கத்திவிட்டுப் போவார்.

தன் சொந்தக் காரியத்திலும் அப்படியே. ஒருநாள் கேன்டீன்காரர் தேத்தண்ணியில் சர்க்கரை குறைத்துப் போட்டதற்கு இவர் ஏதோ கேட்டிருக்கிறார். ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டிதான் என்றிருக்கிறார் கேன்டீன்காரர். அப்படியானால் எனக்கு அந்த ஒரு கரண்டியும் வேண்டாம் என்று இவர் சொன்னார். அன்றிலிருந்து ஒன்பது வருஷம் சர்க்கரையில்லாமல் குடித்தார். நாலாவது வருஷத்திலேயே அந்தக் கேன்டீன்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று நான் எடுத்துச் சொன்னேன். "அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார்.

இலை வாங்குவதில் மட்டும் அவருடைய இந்தக் குணம் பிறர் வயிற்றைத் தொட்டது. ஒவ்வொருவர் மூட்டையிலிருந்தும் நடுவில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து மேசையில் போடுவார். அதில் நூறு இலையை எண்ணி, இளசு ஒரு பக்கம், முற்றியது ஒரு பக்கம் பிரிப்பது என் வேலை. நூறில் ஐம்பது இளசு தேறவில்லை என்றால் மூட்டை திரும்பும், பெயர் ரிஜெக்ட் நோட்டில் ஏறும். ஒரு பருவத்தில் மூன்று தடவை ஏறினால், இலை போடுவதற்கு அவருக்குக் கொடுத்திருக்கும் புத்தகம் ரத்து. அந்தப் புத்தகம் இல்லாதவரிடம் அக்கம்பக்கத்தில் வேறு எந்த ஃபேக்டரியும் இலை வாங்காது. தோட்டத்தில் கொழுந்து வளர்ந்து மரமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஜெகதளாவுக்கு மேலே ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து ஒரு பெண் இலை போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவன் திருப்பூரில் வேலை. தோட்டத்தைத் தனியாக அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஆள் கிடைக்காத ஒரு வாரத்தில் கத்திரி வைத்து வெட்டிக் கொண்டுவந்தாள். நூறில் முப்பத்தெட்டுதான் தேறியது. திருப்பி அனுப்பினார். அது நியாயம்தான். அவளும், "சரிங்க, இனி கையிலயே பறிக்கறனுங்க" என்று போய்விட்டாள்.

இரண்டாவது தடவை நடந்ததுதான் இன்றைக்கும் என்னை ஓரிடத்தில் உட்காரவிடாதது.

விவசாயிகளுக்கு ஆளுக்கொரு எண் உண்டு. அந்த எண் பொறித்த தகரத் தகட்டைக் கம்பியில் கோத்து முதல் மூட்டையின் வாயில் கட்டி, பொது ஜீப்பில் அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் கூடவே வரமாட்டார்கள். அவள் எண் ஆறு. ஒன்பதாம் எண் ஒரு பெரிய தோட்டக்காரருடையது, முதலாளியோடு சேர்ந்து கோயம்புத்தூர் போய் வருகிறவர். ஆறும் ஒன்பதும் மாறாதிருக்க எண்ணுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டிருப்போம். அன்றைக்கு இரண்டு பேரும் ஆளுக்கு மூன்று மூட்டை அனுப்பியிருந்தார்கள். நான் தகட்டைப் பார்த்து எண்ணைக் கூவினேன். ஆறின் மூட்டையில் முற்றல் இலை, நூறில் முப்பத்தொன்று. சூடேறிச் சிவக்கவும் தொடங்கியிருந்ததால் அப்படியே குழியில் கொட்டச் சொல்லிவிட்டார்கள். ஒன்பதின் மூட்டை நல்ல இலை, தொட்டிக்குப் போனது.

சாயங்காலம் தகடுகளைக் கழுவி ஆணியில் மாட்டும்போது பார்த்தேன். இரண்டிலும் மேல்துளை கிழிந்துபோனதால் யாரோ அடியில் புதுத் துளை போட்டிருந்தார்கள். கோடும் தேய்ந்துபோயிருந்தது. தொங்கவிட்டால் ஆறு ஒன்பதாக நின்றது, ஒன்பது ஆறாக நின்றது.

ஐந்து தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். சிவப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்து இரண்டுக்கும் புதிதாகக் கோடு போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அப்போது அறுபத்தொன்று. இன்னொரு வருஷம் போதும், இன்னொரு வருஷம் போதும் என்று ஓட்டிக்கொண்டிருந்த நேரம். எண்ணுவதற்காக வைத்திருக்கும் ஆள் எண்ணையே தப்பாகப் படித்தான் என்று தெரிந்தால் பிறகு என்னை எதற்கு வைத்திருப்பார்கள்?

மறுநாள் அவள் வந்தாள். கையால் பறித்த இலை எப்படித் திரும்பும் என்று கேட்டாள். டீமேக்கர் தலையை நிமிர்த்தாமல், மேசைக்கு வந்த இலைக்குத்தான் தன்னால் பதில் சொல்ல முடியும் என்றார். அவள் வாசலில் நின்றுகொண்டு, அவர் கை விளங்காமல் போகவேண்டும் என்றும், வந்த ஊருக்கே அவரைக் கப்பலேற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். முப்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொன்றாவதாக நான்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் மடுவத்துக்கு வந்தார். கையில் சீட்டு எதுவும் இல்லை. ஆணியில் தொங்கிய தகடுகளைப் பார்த்தபடி நின்றார். "பெயிண்ட்டு புதுசா இருக்கே" என்றார். மழைக்குத் தேய்ந்துவிட்டது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒன்பதாம் எண்காரர் தோட்டத்தில் அகல இலை, அவளுடையது பழைய விதைச்செடி, சிறிய இலை. தொட்டியில் பரப்பிய ஒரு பிடியைப் பார்த்தே எந்தச் சரிவில் பறித்தது என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். பெயிண்ட்டைப் பார்த்ததுமே தகடு மாறியது அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். முதலாளியிடம் ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் அவள் ஜீப்காரர் மூலமாகவும், பேருந்து நிறுத்தத்தில் நேரிலும் அவரைத் திட்டியது எல்லோர் காதிலும் விழுந்தது. அதையும் வாங்கிக்கொண்டார். ஒரு நாளைக்கு நாலு தடவை தகடுகளைத் திருப்பிப் பார்த்தேன்.

பிறகு, பெரிய யோசனை என்று நினைத்து ஒன்று செய்தேன். நோட்டில் ஏறிய இரண்டாவது பதிவை நீக்கக் கேட்டு, அவளுக்காக முதலாளிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினால் முதலாளி முழுவதும் படிப்பார். ஏழு வாக்கியம். கடைசி வாக்கியத்தில், நிர்வாகம் அருள்கூர்ந்து ரிலென்ட் ஆக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மன்னிக்கவும் என்று எழுதவில்லை, ஏனென்றால் மன்னிக்க அவள் பக்கம் குற்றம் இல்லை. அதனால் பொருத்தமான வார்த்தை கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. அவள் கையெழுத்து வாங்கி ஆபீஸில் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அது டீமேக்கரிடமே வந்து சேர்ந்தது, உங்கள் முடிவு என்று முதலாளி ஓரத்தில் எழுதி. அதை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார். அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தார்.

"இவர் எந்த ஊருங்க, கிளாக்கர் ஐயா?"

அகராதியை எடுத்தேன். மூலம் லத்தீன் என்று சொன்னேன். அந்த மொழியில் இதன் வேர்ச்சொல்லுக்கு வளையக்கூடியது, பிசுபிசுப்பானது, மெதுவானது என்றெல்லாம் பொருள். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் சூட்டில் உருகுவதை, கரைவதை இப்படிச் சொன்னார்கள். மனம் இளகுவது என்ற பொருள் அதற்குப் பிறகு வந்தது. நம் தமிழிலும் வெல்லப்பாகும் இளகும், மனமும் இளகும், இரண்டு ஊரிலும் ஒரே யோசனை என்றேன். இப்போதெல்லாம் அந்தச் சொல்லைத் தனியாகக் காண்பது குறைவு, 'இளகாத' என்ற பொருள் வரும்படி ஒட்டுப்போட்டுத்தான் அதிகம் எழுதுகிறார்கள் என்றும் சொன்னேன். பேசிக்கொண்டே போனேன். நிறுத்தினால் அவர் பேசிவிடுவார் என்று பயம்.

"இளகாத ஆளுதான் நெறைய போல" என்றார். பிறகு, "அப்ப சூடு பட்டா உருகுறது, வாடினா வளையறது. அடிச்சு உருக வைக்கறதுன்னு எங்கயும் போடலியே?"

"இல்லீங்க."

"இது யாரு எழுதினது?"

"நான்தான்."

"எழுத்து நல்லா இருக்கு. இது யாரை இளகச் சொல்லுது?"

உங்களை என்று சொல்லியிருக்க வேண்டும். அகராதியை மூடி இழுப்பறையில் வைத்தேன். அவர் காகிதத்தை மறுபடி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தொட்டிகளின் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து நாள். ஒவ்வொரு மத்தியானமும் வந்தார். வார்த்தை எதுவும் கொண்டுவரவில்லை. என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். ஒரு தடவைகூடத் தகடுகளின் பக்கம் திரும்பவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஆறாம் நாள் அவள் நேரிலேயே வந்தாள். பொது ஜீப்பை நம்பாமல் தனியாக ஒரு ஜீப்பைப் பேசி, மூன்று மூட்டைகளோடு கூடவே ஏறி வந்திருந்தாள். நல்ல மழை. எட்டு நாளாகப் பறிக்க விடாத மழை, கொழுந்து செடியிலேயே முற்றியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோதே அது அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தது. அவளுக்குப் பின்னால் இருபத்தாறு மூட்டைகள் வரிசையில் நின்றன.

டீமேக்கர் கைவிட்டு ஒரு பிடி எடுத்து மேசையில் போட்டார். நான் எண்ணினேன். இளசு நாற்பத்தேழு. மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழு. இன்னும் மூன்று இலை. மூன்றே மூன்று. ஐம்பது என்று என் வாயால் சொன்னால் முடிந்தது, இதுவரை நான் சொன்ன எண்ணை அவர் சரிபார்த்ததில்லை. அவர் ரிஜெக்ட் நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, மூன்றாவது பதிவை எழுதாமல் வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனைங்க?" என்றாள் அவள்.

"நாற்பத்தேழு" என்றேன்.

அவர் அப்போதும் எழுதவில்லை. பின்னாலிருந்து ஒருவர், என்ன டீமேக்கர் பேனாவில் மை இல்லையா, நான் தரட்டுமா என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இன்னொருவர் தன் இலை சூடேறுகிறது என்று சத்தம் போட்டார். அவர் அசையவில்லை. அந்தப் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. என் வாழ்நாளில் எண்ணாமல் விட்ட நேரம் அது ஒன்றுதான்.

"போன தடவை திரும்பினது இவங்க இலை இல்லீங்க" என்றேன். "ஒன்பதாம் நம்பரோடது. தகடு தலைகீழாத் தொங்கிச்சு. நான் மாத்திப் படிச்சுட்டேன். அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் கோடு போட்டேன்."

அவர் நோட்டில் பழைய பக்கத்தைப் புரட்டி, இரண்டாவது பதிவை ஒரே கோட்டில் அடித்து, என் பக்கம் திருப்பினார். அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு இன்றைய தேதியில், ஆறாம் எண்ணுக்கு நேராக, திருப்பி அனுப்பப்பட்டது என்று நிதானமாக எழுதினார்.

"இது ரெண்டாவதுங்க அம்மா" என்றார் அவளிடம். "பொஸ்தகம் இருக்கு. இந்தக் கொழுந்து வேணாம். நாளான்னிக்குக் கொண்டாங்க."

மூன்று இலைக்காகவா என்று வரிசையில் யாரோ கேட்டார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஏனுங்க கிளார்க்கு," என்றாள், "ரெண்டு வாரமா இந்த மனுசனுக்கு நான் உட்ட சாபம் கொஞ்சநஞ்சம் இல்லீங்க. சாமி கோயிலுக்கு முன்னால நின்னும் உட்டிருக்கறேன். இனி அதை எங்க கொண்டு போய்ப் போடறதுங்க?"

அந்த மாதக் கடைசியில் முதலாளி என்னைத் தராசிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் அறையில் போட்டார். ஒன்பதாம் எண்காரர் வேறு ஃபேக்டரிக்குப் போய்விட்டார். டீமேக்கர் இன்னும் மூன்று வருஷம் இருந்துவிட்டு மகனோடு கோயம்புத்தூருக்கு இறங்கினார். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அவள் கேட்டு முடித்ததும் அவர் பேனாவை மூடினார். மேசையை விட்டு எழுந்து மழைக்குள் இறங்கி, முதல் மூட்டையின் ஒரு காதைப் பிடித்தார். டீமேக்கர் மூட்டை தூக்கி அந்த ஃபேக்டரியில் யாரும் பார்த்ததில்லை. மறு காதை நான் போய்ப் பிடித்தேன். மூன்று மூட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஜீப்பில் ஏற்றினோம். வரிசையில் நின்ற மூட்டைக்காரர்கள் எல்லோரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவள் ஒரு கையும் கொடுக்கவில்லை. குடைக்குள் நின்றபடி, இரண்டு கிழவர்கள் நனைவதைக் கடைசி மூட்டை ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.